சனோபர் போட்ட மூன்று வட்டங்கள்

காளவாசலில் உள்ள மருதவல்லி பரிசோதனை மையத்தில் சனோபருக்குக் காகிதத்தில் உள்ள பதவி நெட்வொர்க் நிர்வாகி. ஆட்கள் கூப்பிடும் பெயர் வைஃபை அக்கா. ஒயர் உள்ள எந்தப் பொருள் நின்றுபோனாலும் அவரைத்தான் தேடுவார்கள். ஒருமுறை கேண்டீன் மிக்ஸி ஓடவில்லை. "அக்கா, இது நெட்டுல சேருமா சேராதான்னு தெரியல. ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தார். பிளக் பாதிதான் செருகியிருந்தது. அழுத்திச் செருகிவிட்டு வந்தார். அன்றிலிருந்து மிக்ஸியும் அவர் பொறுப்பில் சேர்ந்துகொண்டது.

சனோபர் நெல்பேட்டையில் பிறந்து மகபூப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். வயது முப்பத்தாறு. கணவர் சேக் இஸ்மாயிலுக்கு விளக்குத்தூண் பக்கம் பிளாஸ்டிக் வாளி, கூடை விற்கும் கடை. மையத்தில் சனோபர் முதலில் சேர்ந்தது ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் வேலைக்கு. அப்போதிருந்த நெட்வொர்க் ஆள் தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டுப் போனவர், கல்யாணம் முடிந்து ஓமனில் இருந்து போன் செய்தார். பாஸ்வேர்டுகளைச் சுவர்க் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தக் காலண்டர் சனோபர் உட்கார்ந்த மேசைக்கு எதிரே தொங்கியது. அதனால் வேலை அவருக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரங்களில் வீடியோ பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். இரண்டு வருடத்தில் ஆறு ஊர்க் கட்டடங்களின் கம்ப்யூட்டர்களும் அவர் சொன்னபடி கேட்டன. ஆட்கள்தான் கேட்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில் ஒரு காலை, ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து சோணை என்பவர் மனைவியுடன் காளவாசல் வந்து சேர்ந்தார். அறுபத்தொரு வயது விவசாயி. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் கொடுத்திருந்தார். கையில் ரிப்போர்ட் இருந்தது.

"இதுல கடைசி வரியில என்னமோ பாசிட்டிவ்னு போட்டுருக்காம். மருந்துக்கடைக்காரரு படிச்சுட்டுச் சிரிக்கிறாரு. சிரிக்கிற மாதிரி வியாதி என்னன்னு தெரிஞ்சுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் சோணை.

வரவேற்பில் இருந்த பெண் வாங்கிப் படித்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். மையத்தின் முதலாளி பாண்டியராஜனே வெளியே வந்தார். ஒரு காலத்தில் தானே ரத்தம் குத்தி எடுத்து, சைக்கிளில் கொண்டுபோய்ச் சோதித்து, இந்த மையத்தை உண்டாக்கியவர். எல்லோரும் எம்.டி. என்பார்கள். அவர் கடைசி வரியைப் படித்தார். சோணை கர்ப்பமாக இருப்பதாக அதில் போட்டிருந்தது.

"அச்சுப் பிழைண்ணே" என்றார் எம்.டி.

சோணை சமாதானமாகிவிட்டார். அவர் மனைவி ஆகவில்லை. "இவருக்கு வந்தது யாருக்கோ வர வேண்டியதுல்ல? அந்தப் புள்ளைகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிருப்பீக. அது எந்தூர்ல என்ன மாத்திரைய முழுங்கிக்கிட்டு இருக்கோ. மொதல்ல அதைக் கண்டுபிடிங்க."

கண்டுபிடித்தார்கள். திருமங்கலம் கிளையில் ஒரு பெண்ணுக்கு எடுத்த சோதனை முடிவை, பதிவு எண்ணில் ஒரு இலக்கம் மாற்றி அடித்து, ஒத்தக்கடை சோணையின் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு நல்ல செய்தியைச் சொல்லி, பிந்தியதற்கு மன்னிப்பும் கேட்டார்கள். பிறகு எம்.டி. சனோபரை அறைக்கு அழைத்தார்.

"நம்ம கம்பெனில யாரு வேணும்னாலும், எங்க உக்காந்துக்கிட்டு வேணும்னாலும், எந்த ஆளு ரிப்போர்ட்லயும் எழுதலாமா?"

"எழுதலாம் சார்."

"எதுக்கும்மா அப்பிடித் தொறந்து வச்சுருக்க?"

"நான் தொறக்கல சார். மொதல்ல இருந்தே கதவு கெடையாது."

"அப்ப எல்லாத்தையும் அடைச்சுரு."

"எல்லாத்தையும் அடைச்சா லேபும் அடைஞ்சுரும் சார்" என்றார் சனோபர். மேசையில் கிடந்த பழைய ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் படம் வரைந்து விளக்கினார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் முகவரி இருக்கிறது. முகவரியின் நடுவில் உள்ள எண்ணைப் பார்த்தாலே அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்திலிருந்து பத்தொன்பது வரை என்றால் காளவாசல். இருபது, இருபத்தொன்று என்றால் சோழவந்தான். இப்படி இடங்களைக் குழு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு விதி எழுதிவிட்டால் போதும். ஆளை ஆளாகப் பார்த்து மறிக்க வேண்டியதில்லை. எங்கிருந்து வருகிறார் என்று பார்த்தே அனுமதிக்கலாம், மறிக்கலாம், மெதுவாகவும் விடலாம்.

அவர் மூன்று வட்டம் போட்டார். முதல் வட்டத்தில் காளவாசல் ஆய்வகமும் ஒத்தக்கடை ஸ்கேன் மையமும். அங்கிருந்து முடிவுகளை எழுதலாம், திருத்தலாம். ஸ்கேன் படங்கள் பெரியவை என்பதால் இணையத்துக்கும் எந்தத் தடையும் இல்லை. இரண்டாம் வட்டத்தில் ரத்தம் எடுத்து அனுப்பும் கிளைகள். அங்கே பதிவு செய்யலாம், பார்க்கலாம், எதையும் திருத்த முடியாது. வேலை நேரத்தில் வீடியோவும் ஓடாது. மற்ற இடமெல்லாம் மூன்றாம் வட்டம்.

எம்.டி.க்குப் படம் பிடித்துப்போனது. "எப்ப முடியும்?"

"ஒரு வாரம் ஆகும் சார்."

"நாளைக்குச் சாயங்காலம்" என்றார் எம்.டி.

மறுநாள் மதியம் சனோபர் எண்களை அடித்துக்கொண்டிருக்கும்போது, முடிந்ததா என்று எம்.டி. பதினோரு தடவை போன் செய்தார். பக்கத்து அறையில் இருந்துதான். சாயங்காலத்துக்குள் முடிந்தது. அனுமதி இல்லாத இடத்தில் யாராவது திருத்தப் போனால் திரையில் வர வேண்டிய அறிவிப்பையும் சனோபரே தமிழில் எழுதினார். மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் எழுதினார்: 'நீங்கள் இரண்டாம் வட்டத்தில் இருக்கிறீர்கள். இந்த வசதி உங்கள் இடத்துக்குக் கிடையாது.'

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சோழவந்தானிலிருந்து போன் வந்தது. பேசியவர் கிளைப் பொறுப்பாளர் நல்லகாமன். வீட்டுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. ஊர் ரோடு, தெருவிளக்கு, ஆற்றுத் தண்ணீர் என்று இருபது வருடமாக மனு எழுதிப் பழகிய கை. அதனால் கோபத்தைக்கூட வரிசையாகத்தான் சொல்லுவார்.

"சனோபரம்மா, இங்க ஸ்கிரீன்ல ஒண்ணு வருது. எழுதுனது நீங்களா, மெசினா?"

"நான்தாண்ணே."

"அப்பச் சரி. மெசினா இருந்தா மன்னிச்சுருப்பேன். ரெண்டாம் வட்டம்னா என்னா அர்த்தம்?"

"ரத்தம் எடுக்குற எடம்ணே."

"அதை அப்பிடியே எழுதிருக்கலாம்ல. ரெண்டாவதுன்னு சொன்னா, மொத ஆளு யாருன்னு ஒரு கேள்வி வருதா இல்லையா? காளவாசலா? நாங்க ரத்தம் அனுப்பலைன்னா காளவாசல்ல எதை வச்சும்மா டெஸ்ட் பண்ணுவீக?"

அன்று மதியத்துக்குள் இதையே திருமங்கலமும் கேட்டது, உசிலம்பட்டியும் கேட்டது. ஒத்தக்கடை ஸ்கேன் மையத்தில் ஒருவர் 'முதல் வட்டம்' என்று கொட்டை எழுத்தில் வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைக்க, விவகாரம் இன்னும் முற்றியது. வியாழக்கிழமை நல்லகாமன் நேரில் வந்து ஒரு கவுளி வெற்றிலையைச் சனோபரின் மேசையில் வைத்தார். கட்டுக் கலையாத நூறு இலை. அதன் மேல் ஒரு மனு. சோழவந்தானை முதல் வட்டத்தில் சேர்க்க ஏழு காரணங்கள் அதில் இருந்தன. நான்காவது காரணம், ஊருக்கு ரயில் நிலையம் உண்டு என்பது.

"அண்ணே, நான் வெத்தல போடுறதில்ல" என்றார் சனோபர்.

"உங்க வீட்டுக்காரரு?"

"அவரும் இல்ல."

"அப்ப மனுவை மட்டுமாவது வச்சுக்கங்க" என்று சொல்லி வெற்றிலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார் நல்லகாமன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எம்.டி.யிடமிருந்தே போன். வீட்டில் மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கம்பெனி எப்படி நடக்கிறது என்று காட்டக் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார்.

"ஏம்மா, கம்பெனி யாருது?"

"உங்களுது சார்."

"அப்ப என்னைய மூணாம் வட்டம்னு சொல்லுதே."

"உங்களைச் சொல்லல சார். உங்க வீட்டச் சொல்லுது."

போனில் மருமகன் ஏதோ கேட்பது லேசாகக் கேட்டது. "சரி, படிக்கவாவது தொறந்து விடு" என்றார் எம்.டி.

"படிக்கத் தொறக்குறேன் சார். எழுதணும்னா ஆபீசுக்கு வந்துருங்க."

மறுநாள் எம்.டி. எல்லோரையும் கூட்டி, "என் வீட்ல இருந்து நானே எழுத முடியாது. அம்புட்டு ஸ்ட்ராங்கா வைக்கச் சொல்லிருக்கேன்" என்று அறிவித்தார். சனோபர் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு மூன்று வாரம் அமைதி. முக்கியமாகச் சோழவந்தானிலிருந்து ஒரு புகார்கூட இல்லை. பழகிவிட்டார்கள் என்று சனோபர் நினைத்துக்கொண்டார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காளவாசல் கட்டடத்துக்குப் பூச்சி மருந்து அடிப்பதற்காக, மதியத்தோடு எல்லோரையும் வெளியேற்றிப் பூட்டினார்கள். சனோபர் ஒத்தக்கடை ஸ்கேன் மையத்தில் ஒரு வேலைக்காகப் போயிருந்தார். அங்கே உட்கார்ந்து, எந்தக் குழுவில் எவ்வளவு போக்குவரத்து ஓடுகிறது என்று காட்டும் படத்தைத் திறந்தார். ஒத்தக்கடைக் கோடு வழக்கம்போல இருந்தது. பூட்டிக் கிடக்கும் காளவாசல் கோடு மட்டும் யானைமலை மாதிரி எழும்பி நின்றது.

காளவாசல் காவலாளி அழகுபாண்டிக்குப் போன் போட்டார். அழகுபாண்டி எதிர் டீக்கடையில் இருந்தார்.

"அண்ணே, உள்ள யாரும் இருக்காகளா?"

"யாரும்மா இருக்கா. கரப்பான்பூச்சியே இல்ல இப்ப."

சனோபர் முகவரிகளைத் திறந்து பார்த்தார். காளவாசல் என்று எண்ணப்பட்டவை எல்லாவற்றின் நடுவிலும் இருபது என்ற எண் இருந்தது. இருபது என்றால் சோழவந்தான் கிளையின் பின்னறை. பழைய வீட்டுச் சுவர் கனமானது, முன்னறைச் சிக்னல் பின்னறைக்குப் போகாது. அதனால் பின்னறைக்குத் தனி வைஃபை பெட்டி வைத்து, தனி எண்ணும் கொடுத்தது அவரேதான். தான் எழுதிய விதியை எடுத்துப் பார்த்தார். காளவாசலுக்கு 'பத்திலிருந்து பத்தொன்பது வரை' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'பத்திலிருந்து இருபது வரை' என்று அடித்திருந்தார். இருபது கீழே இரண்டாம் வட்டத்திலும் இருந்தது. ஆனால் ஓர் எண் இரண்டு குழுவில் இருந்தால், மேலே எழுதிய விதியைத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்.

ஆக, விதி போட்ட நாளிலிருந்தே சோழவந்தான் கிளையின் முன்னறை இரண்டாம் வட்டத்தில் இருந்திருக்கிறது. பின்னறை முதல் வட்டத்தில் இருந்திருக்கிறது.

வீடியோ போனால் போகட்டும். அந்த அறையிலிருந்து முடிவுகளையும் திருத்தலாமே என்பதுதான் பயம். எழுதும் வழியை உடனே அடைத்தார். பிறகு பழைய பதிவுகளைப் பார்த்தார். இதுவரை அங்கிருந்து பதினான்கு திருத்தங்கள். பதினான்கும் தங்கப்பொண்ணு என்ற ஒரே பெயரில். சனோபர் துப்பட்டாவைத் தலையில் இறுக்கி, ஹெல்மெட்டை மாட்டி, ஸ்கூட்டரை எடுத்தார். ஊரைக் குறுக்கே கடந்து கோச்சடை, துவரிமான், மேலக்கால் என்று போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அந்தப் பெயரையே நினைத்துக்கொண்டு போனார்.

கிளையின் முன்னறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆள் யாரும் இல்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அது ரத்தக் குப்பிகள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டி இருக்கும் அறை; ஏசி எப்போதும் ஓடும். கதவுக்கு வெளியே பதினொரு ஜோடி செருப்புக் கிடந்தது. சனோபர் கதவைத் திறந்தார்.

"வாங்க வாங்க. கதவைச் சாத்துங்கம்மா, நெட்டு வெளிய போயிரும்" என்றார் நல்லகாமன். குரங்குத் தொப்பி போட்டிருந்தார். வெளியே ஆவணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே அவரையும் சேர்த்துக் கிளை ஊழியர்கள் நால்வரும் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தேர்வு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சர்க்கரை பார்க்க வந்தவர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டுமே, அதைக் கிரிக்கெட் பார்த்துக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பல் தந்தியடித்தது. ஆனாலும் எழுந்து போகிற எண்ணம் அவருக்கு இல்லை.

"அண்ணே, இங்க என்ன நடக்குது?"

"நெட்டு நல்லா வருதும்மா. ஹால்ல ஒண்ணும் ஓட மாட்டேங்குது. குளிர்ச்சியில நல்லா ஓடுது."

"குளிர்ச்சிக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்லண்ணே."

"நாமளும் லேப் வச்சு நடத்துறவுகதான? சோதிக்காம சொல்லுவமா? ஒரே போனைக் கையில எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போனோம், முப்பத்தாறு டிகிரி, ஓடல. இங்க வந்தோம், பதினெட்டு டிகிரி, ஓடுது. மூணு நாள் திருப்பித் திருப்பிப் பாத்தாச்சு. ஒரு தடவகூட மாறல."

சோதனை முறையில் சனோபரால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. "தங்கப்பொண்ணு யாரு?" என்று மட்டும் கேட்டார்.

மூலையில் இருந்த ஒல்லியான பெண் எழுந்தாள். ரத்தம் எடுப்பவள். முப்பது வயது இருக்கும். சனோபர் அவளை முன்னறைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார்.

"பதினாலு ரிப்போர்ட் திருத்திருக்க. நீதானா?"

"ஆமாக்கா" என்றாள் தங்கப்பொண்ணு. பயந்த மாதிரியே தெரியவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தாள். பதினான்கு திருத்தமும் தேதி வாரியாக அதில் இருந்தன. என்ன தப்பு, என்ன திருத்தம், எதிரே சம்பந்தப்பட்டவரின் கையெழுத்து அல்லது ரேகை. எல்லாம் பெயர், வயது, போன் நம்பர்தான். ஒரு முடிவில்கூட அவள் கை வைக்கவில்லை.

"காளவாசலுக்குச் சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா, எழுதி அனுப்புங்கன்றாக. எழுதி அனுப்புனா மூணு நாள் ஆகுது. ஆளு என் முன்னாடி நிக்கிறாருக்கா. அறுபத்தெட்டு வயசுன்றாரு. கம்ப்யூட்டரு பதினெட்டுங்குது. நான் யாரை நம்புறது? ஹால்ல திருத்தப் போனா ரெண்டாம் வட்டம்னு வந்துச்சு. உள்ள போய் ஒரு நாள் தட்டிப் பாத்தேன், திருத்த விட்டுச்சு. சரி, விடுதேன்னு செஞ்சேன்."

சனோபர் நோட்டைப் புரட்டினார். ஒன்பதாவது பக்கத்தில் இருளாயி என்ற பெயர் இரண்டு தடவை இருந்தது.

"இது ரெண்டு பேருக்கா. ஒரே தெரு, ஒரே பேரு. போன் நம்பரு மாறிப்போயி, இவுக ரிப்போர்ட்டு அவுகளுக்குப் போயிருச்சு. ஒருத்தவுகளுக்குச் சக்கரை முன்னூத்திப் பத்து. இன்னொருத்தவுகளுக்குச் சக்கரையே கெடையாது. அவுக, எனக்கு முன்னூறா ஏறிப்போச்சுன்னு அழுதுகிட்டு ஊசி வாங்கப் பணத்தோட கெளம்பிட்டாக. வழியில இங்க எட்டிப் பாத்தாக."

"மாறிருக்குன்னு நீ எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து, குப்பியில நம்பர் ஒட்டுனது நான்தானக்கா. ஒரு இருளாயிக்கு எடக்கையில நரம்பே கெடைக்காது. இன்னொரு இருளாயி ஊசியப் பாத்தாலே அவுக அப்பனைக் கூப்பிடுவாக. எனக்கு மாறுமா?"

சனோபர் நோட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் சரியாக எழுதிய விதி இந்தப் பெண்ணைத் தடுத்திருக்கிறது, தப்பாக அடித்த ஓர் எண்தான் வழி விட்டிருக்கிறது. அதேசமயம் கதவுக்கு அந்தப் பக்கம் ஊர் பேர் தெரியாத ஆறு பேர் முதல் வட்டத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து நினைக்கத் தலை வலித்தது. போய்ப் பின்னறையில் இருந்தவர்களை எழுப்பி வெளியே அனுப்பினார். கல்லூரிப் பெண்ணை மட்டும், விண்ணப்பம் முடியும் வரை தன் போனிலிருந்து இணையம் கொடுத்து முன்னறையில் உட்கார வைத்தார்.

வீட்டுக்கு வந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரே ஒரு நம்பர்தான? மாத்தி விட்டுட்டு வேற வேலையப் பாரு" என்றார் சேக் இஸ்மாயில்.

"மாத்த அரை நிமிசம் ஆகாது மச்சான். ஆனா என்னைக்காவது ஒருத்தன் பழைய பதிவைத் தோண்டுவான். ரெண்டாம் வட்டத்து ஆளு எப்பிடித் திருத்துனான்னு கேப்பான். தப்பு பண்ணது நான், திருட்டுப் பேரு அந்தப் புள்ளைக்கா?"

சேக் இஸ்மாயில் யோசித்தார். "அப்பச் சொல்லிரு. போனா வேலைதான போகும். கடையில எனக்கும் ஒரு ஆளு குறைச்சலாத்தான் இருக்கு."

"வாளி விக்கிறதுக்கா நான் இம்புட்டும் படிச்சேன்?"

"அதனாலதான் சொல்றேன். வேலை போகாத மாதிரி நல்லாச் சொல்லு."

திங்கட்கிழமை காலை எம்.டி. அறையில் சனோபர் நின்றுகொண்டே சொன்னார். பத்தொன்பது, இருபது, பின்னறை, குரங்குத் தொப்பி, பதினான்கு திருத்தம், இரண்டு இருளாயி எல்லாம். தங்கப்பொண்ணுவின் நோட்டையும் மேசையில் வைத்தார். எம்.டி. நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒரு காலத்தில் ஊசி பிடித்த கை என்பதால், அந்த ரேகைகளை மெதுவாகத்தான் புரட்டினார்.

"அன்னைக்கு நீ நம்பர் அடிக்கிறப்ப நான் எத்தன தடவ போன் பண்ணேன்?"

"பதினோரு தடவ சார்."

"பன்னெண்டாவது தடவ பண்ணிருந்தா உசிலம்பட்டியையும் உள்ள விட்டுருப்ப" என்றார் எம்.டி. பிறகு, "உக்காரு" என்றார்.

சனோபர் உட்கார்ந்தார். தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்ததைச் சொன்னார். இடங்களைப் பெரியது சிறியது என்று பிரித்ததுதான் தப்பு. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் இடம், சோதிக்கும் இடம், படிக்க மட்டுமான இடம். ரத்தம் எடுக்கும் இடத்தில் ஆள் நேரில் நிற்கிறார். அதனால் பெயர், வயது, போன் நம்பரை அங்கேதான் திருத்த வேண்டும், இன்னொரு ஊழியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு. முடிவுகளைச் சோதிக்கும் இடத்தைத் தவிர யாரும் தொடக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி இருக்கும் அறைகள் தனிக் குழு. அங்கே பெட்டியின் வெப்பமானி மட்டும் கணக்கை அனுப்பும். மனிதர்களுக்கு எதுவும் ஓடாது.

"காத்திருக்கிறவுகளுக்கு?" என்று எம்.டி. கேட்டார்.

"ஹால்ல தனியா ஒரு குழு போட்டுத் தரலாம் சார். நம்ம கம்ப்யூட்டர் பக்கம் வராது. மெதுவா ஓடும், ஆனா ஓடும்."

எம்.டி. எல்லாவற்றுக்கும் சரி என்றார். சனோபர் கதவு வரை போன பிறகு திரும்பக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த ஏசி ரூம்ல நெஜமாவே நெட்டு வேகமா வருமா?"

சனோபர் திரும்ப வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து விளக்கினார்.

இந்தத் தடவை ஒரு வாரம் கேட்டார், ஒரு வாரம் கிடைத்தது. ஒரு போன்கூட வரவில்லை. அறிவிப்பையும் மாற்றி எழுதினார்: 'இது ரத்தம் எடுக்கும் இடம். முடிவில் சந்தேகம் இருந்தால் சோதிக்கும் இடத்தை அழையுங்கள்.' கீழே, கூப்பிட்டால் போனை எடுக்க ஆள் உள்ள ஒரு நம்பர். நல்லகாமன் அதைப் படித்துவிட்டு, "இப்பப் படிக்க மரியாதையா இருக்கு" என்று சொல்லி மனுவை வாபஸ் வாங்குவதாக எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்திலேயே, ஹாலுக்கு ஒரு ஏசி வேண்டும் என்று புது மனு ஒன்றும் இருந்தது.

தங்கப்பொண்ணுவின் பதினான்கு திருத்தங்களுக்கும் எம்.டி. கையெழுத்துப் போட்டு, முறையானவை என்று பதிவில் ஏற்றினார். கார்த்திகையில் தரச் சான்றிதழுக்காக ஆய்வு செய்ய வந்தவர் திருமங்கலத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் முயன்றும் ஒரு முடிவைக்கூட மாற்ற முடியவில்லை. சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்.

சனோபர் தனக்கென்று ஒரு விதியும் போட்டுக்கொண்டார். இனி எண்களைத் தனியாக அடிப்பதில்லை. அடிப்பது அவர், படித்துச் சரி பார்ப்பது சோழவந்தானில் இருந்து தங்கப்பொண்ணு. எம்.டி. அதற்கு அவளுக்குத் தனியாக ஒரு படியும் போட்டுக் கொடுத்தார். போன தை மாதம் மேலூரில் புதுக் கிளை திறந்தபோது, ஒரு காலையில் இருவரும் போனில் இருந்தார்கள்.

"முப்பதுல ஆரம்பம்" என்றார் சனோபர்.

"முப்பது. சரிக்கா."

"முப்பத்தொண்ணுல முடிவு."

"முப்பத்தொண்ணுதான? முப்பத்திரண்டு இல்லையே?"

"இல்ல. முப்பத்திரண்டு யாருக்கும் குடுக்கல."

"அப்ப அடுத்த வரி சொல்லுங்க. இருங்க, இருங்க. இங்க ஒருத்தரு, நான் இன்னும் ஊசியவே எடுக்கல, அதுக்குள்ள சாயுறாரு. அண்ணே, தலையக் குனிங்க. நல்லகாமண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க. ஆளு ஆறடி இருக்காருக்கா, கட்டில் பத்தல."

சனோபர் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தமும், யாரோ சோடா கேட்கும் சத்தமும் வந்துகொண்டிருந்தன.